ஆறாம் இடத்தில் சீனியம்மாள்

"குருவே, பெரிசாகப் போட்டாலும் தப்பு, அளவாகப் போட்டாலும் தப்பு. நான் எதைத்தான் போடுறது?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

குரு வடிவாம்பாள் ஒரு விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணினிக்குள் சுற்றுகிற சின்ன விசிறி.

"எதை?" என்றார்.

"முகவரி அளவை."

"ம்," என்று சொல்லிவிட்டுக் குரு விசிறியை ஊதினார். தூசி கிளம்பிப் பேச்சிமுத்துவின் மூக்கில் போய் உட்கார்ந்தது. அவர் தும்மினார். அத்தோடு உபதேசம் முடிந்துவிட்டது போலிருந்தது.

வெளியே வாசலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டா ஆச்சா? என் ஒரு ஜிபி எங்க?"

பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த இடத்துக்குக் கெர்னல் மடம் என்று பெயர். மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது.

கணினியை முடுக்கினால் அதற்குள் முதலில் விழித்துக்கொள்கிற ஒன்று உண்டு. நினைவகத்தை எல்லாருக்கும் பங்கு வைப்பது, திரையையும் ஒலிபெருக்கியையும் அதட்டி வேலை வாங்குவது, யாருக்கும் யாருக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் பொறுப்பு. வீட்டில் மாமியார் செய்கிற வேலை. அதைத்தான் கெர்னல் என்பார்கள்.

சுற்றுவட்டாரத்தில் கணினி படுத்துவிட்டால் மடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சீடர்கள் அந்தப் பெட்டிக்குத் தோதாக ஒரு கெர்னலைக் கட்டிக் கொடுப்பார்கள்.

கட்டும்போது கேள்வி கேட்கும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்கமாட்டார்கள். இது இருக்கிறதா, அது வேண்டுமா, இது இல்லாவிட்டால் பரவாயில்லையா என்று அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போகும். பேச்சிமுத்து எல்லாவற்றுக்கும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். ஒரே ஒரு கேள்வி வந்தால் மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

பௌதிக முகவரி எத்தனை பிட்?

நினைவகத்தில் இருக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் வீட்டுக் கதவில் போடுவதுபோல ஓர் எண் உண்டு. அந்த எண்ணை எவ்வளவு நீளத்துக்கு எழுதலாம் என்பதுதான் கேள்வி. முப்பத்திரண்டு என்று சொன்னால் நாலு ஜிபி வரைக்கும் எழுதலாம். நாற்பது என்று சொன்னால் எழுதிக்கொண்டே போகலாம், கை வலிக்கும்வரை.

"கூடப் போட்டுட்டா வம்பில்லைல்லா," என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார் பேச்சிமுத்து.

ஒரு டீக்கடைக்காரரின் பழைய பெட்டிக்கு நாற்பது போட்டார். நாளைக்கே அவர் நினைவகத்தைக் கூட்டினால் என்ன ஆகும், அடுத்த கடையையும் வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் அவருக்காக இவர் கவலைப்பட்டார். அந்தப் பெட்டியின் ப்ராசஸருக்கு நாற்பது நீளத்துக்கு எண் படிக்கத் தெரியாது. கெர்னல் கண்ணே திறக்கவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. டீக்கடைக்காரர் வெகுநேரம் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, "டிக்காஷன் மாதிரி இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

பேச்சிமுத்துவுக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தமக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினார். எண்ணிப் பார்த்துப் போடுவது.

மடத்துக்கு வருவதற்கு முன் அவர் பஸ் கண்டக்டர். வண்டியில் இருக்கிற தலையும் கொடுத்த டிக்கெட்டும் ஒத்துப்போகாமல் விசில் ஊதியதே கிடையாது. மடியில் இருக்கிற குழந்தையைக்கூட எழுப்பி வயது கேட்பார். ஓய்வு பெறுகிறவரைக்கும் அவர்மேல் ஒரு புகார் கிடையாது. அந்த வழித்தடத்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நகர்ந்து உட்கார இடம் கொடுப்பார்கள். குருவுக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் குரு குருதான். அவர் 'குருவே' என்பார், குரு 'அண்ணாச்சி' என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் சீனியம்மாள் தன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சீனியம்மாள் வீடியோ சென்டரின் சீனியம்மாள். அந்த வட்டாரத்தில் அவள் படம் பிடிக்காமல் ஒரு கல்யாணம் நடக்காது.

பெட்டியில் நாலு ஜிபி. முப்பத்திரண்டு பிட்டும் நாலு ஜிபிக்குப் போதும். நாலுக்கு நாலு. நிற்கிற ஆள் ஒருத்தர் இல்லை, காலி சீட் ஒன்று இல்லை. பேச்சிமுத்து திருப்தியோடு முப்பத்திரண்டு போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலையில் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு சீனியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள்.

இப்படித்தான் அவர் குருவின் முன்னால் தும்மிக்கொண்டு நிற்க நேர்ந்தது.

வேறு வழியில்லாமல் வாசலுக்குப் போனார்.

"நாலு குடுத்தேன். திரையில மூணுன்னு காட்டுது," என்றாள் சீனியம்மாள். "கெர்னல் போடுதேன்னு வாங்கி வச்ச இடத்துல ஒண்ணு கொறைஞ்சா என்ன அர்த்தம் அண்ணாச்சி?"

"குறைய வழியே இல்லைம்மா. நான் எண்ணித்தான்..."

"எண்ணித்தான் எடுத்தீயளாக்கும்."

"ஐயோ, அப்படி இல்லை."

"தாலி கட்டுத இடத்துல படம் நின்னுட்டு. மேற்கொண்டு ஓட்ட இடமில்லைன்னு சொல்லுது. மாப்பிள்ளை கையில தாலியோட நேத்துலேருந்து குனிஞ்சாப்புல நிக்கான். பொண்ணு வீட்டுக்காரவ போன் மேல போன். அந்தப் பையனுக்கு முதுகு வலிக்காது?"

பேச்சிமுத்து அவள் கண்ணெதிரே பெட்டியைத் திறந்தார். இரண்டு இரண்டு ஜிபியாக இரண்டு நினைவகப் பட்டைகள். இரண்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

"பாருங்க. நாலும் இருக்கு."

"இருந்தா ஏன் காட்டலை?"

"தெரியலை."

"எடுத்தவருக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?"

"அம்மா, பட்டையைக் கையால தொட்டுப் பாருங்க. முழுசா இருக்கு."

சீனியம்மாள் தொட்டுப் பார்த்தாள். நகத்தால் தட்டியும் பார்த்தாள். தேங்காய் வாங்குகிறவள் போலக் காதருகே கொண்டுபோனாள்.

"மேலாப்புல முழுசாத்தான் இருக்கு," என்றாள். "உள்ளுக்குள்ள ஒண்ணைச் சுரண்டி எடுத்திருப்பீய."

பேச்சிமுத்து பட்டையை வாங்கித் திரும்பச் செருகினார்.

"நான் ஒண்ணும் சண்டைக்கு வரலை," என்றாள் சீனியம்மாள், சண்டைக்கு நிற்கிற இடத்தை நன்றாக ஊன்றிக்கொண்டு. "மத்தியானம் சந்தை பஸ்ஸு வரும். அதுல ஏறி உக்காந்து, நடந்தது நடந்தபடி சொல்லிக்கிட்டே போவேன். கேக்கவ கேக்கட்டும்."

சந்தை பஸ். அவர் முப்பது வருஷம் விசில் ஊதிய அதே வழித்தடம்.

டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டிலிருந்து கடைசி நீள சீட் வரைக்கும் அந்தப் பேச்சு நகர்ந்து போவது அவருக்குக் கண்ணில் தெரிந்தது. யாரு, நம்ம கண்டக்டரா, அவரா, என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒருவர் திரும்புவார்.

உள்ளே ஓடினார்.

"குருவே, என்னைத் திருடன்னு சொல்லுது அந்த அம்மா."

"ம்."

"நாலுக்கு நாலு எண்தானே போட்டேன். நாலு ஜிபிக்கு நாலு ஜிபி எண் போதாதா?"

குரு விசிறியைக் கையில் வைத்து ஒரு சுற்று சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது. குருவுக்கு அதில் சந்தோஷம்.

"நல்லாச் சுத்துது," என்றார்.

பேச்சிமுத்து வாசலிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்து தம் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கெர்னலைத் திரும்பக் கட்டினார். அந்தக் கேள்வி வந்தது. டீக்கடைக்காரரின் கறுப்புத் திரையும் ஞாபகத்துக்கு வந்தது, சந்தை பஸ்ஸும் ஞாபகத்துக்கு வந்தது. பஸ்தான் பெரிதாகத் தெரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நாற்பது போட்டார்.

இந்தப் பெட்டியின் ப்ராசஸருக்கு நாற்பது படிக்கத் தெரிந்திருந்தது. கெர்னல் கண் திறந்தது. திரையில் நாலு என்று வந்தது.

சீனியம்மாளை மேசைக்குக் கூப்பிட்டுக் கல்யாணப் படத்தை ஓட விட்டார்கள். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்து நிமிர்ந்து உட்கார்ந்தான். பேச்சிமுத்துவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் சொந்தக் கல்யாணத்தில்கூட அவருக்கு அவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

சீனியம்மாள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"வச்சுட்டீயளா?" என்றாள்.

"எதை?"

"எடுத்ததை."

"நான் எடுக்கவே இல்லைம்மா."

"எடுக்காமலா வைக்க முடியும்? பஸ்ஸுல சொல்லுதேன்னதும் பதறியடிச்சு உள்ள போனீய. இப்ப வந்துட்டு. நான் குத்தம் சொல்லலை அண்ணாச்சி. திருப்பி வைக்கவும் ஒரு மனசு வேணும். அதையும் சேத்தே சொல்லுதேன்."

"யார்கிட்ட?"

"பஸ்ஸுலதான்."

பேச்சிமுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். காணாமல் போனபோதாவது சந்தேகம்தான் இருந்தது. கிடைத்த பிறகு அது நிச்சயமாகிவிட்டது.

"பட்டை ரெண்டையும் நீங்களே பாத்தீங்களே. உள்ளதான் இருந்துது."

"அப்பச் சொல்லுங்க. இம்புட்டு நேரமும் அந்த ஒரு ஜிபி எங்க உக்காந்திருந்துச்சு?"

பேச்சிமுத்துவுக்கே அது தெரியாது. நாலு வீட்டுக்கு நாலு எண் போதும் என்றால் அது மூன்றைத்தான் காட்டுகிறது. வேண்டாத அளவுக்கு எண்ணைக் கூட்டினால் நாலும் வந்து நிற்கிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பெட்டியின் மூடியை எடுத்து மாட்டினார்.

"சரி. நீங்க யோசிங்க. பஸ்ஸு வார வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்," என்று சீனியம்மாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாவது தடவையாக அவர் உள்ளே போனார். இந்தத் தடவை ஓடவில்லை.

குரு விசிறியை முடித்துவிட்டுத் திருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி, டீக்கடைக்கு ஏன் நாற்பது போட்டீங்க?"

"பயத்துல."

"இந்தக்கா பெட்டிக்கு முப்பத்திரண்டு?"

"அதுவும் பயத்துலதான்."

"இப்ப மறுபடி நாற்பது?"

பேச்சிமுத்து குனிந்து ஒரு திருகைப் பொறுக்கிக் கொடுத்தார். குரு அதை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் மூக்கைத் திருப்பினார். சமையற்கட்டிலிருந்து முருங்கைக்காய்ச் சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது.

"இலை போடுங்க," என்றார். "அந்தக்காவையும் கூப்பிடுங்க. இன்னிக்கு நீங்கதான் பரிமாறுறது."

"குருவே, என் மானமே போகுது. இப்பச் சாப்பாடா?"

"மானம் போனாலும் பசிக்கும்ல."

சீனியம்மாள் முதலில் வரமாட்டேன் என்றாள். சாம்பாரில் முருங்கைக்காய் என்று தெரிந்ததும், கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவதாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு. சுவரோரமாகத் தரையில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். ஒன்றாம் இடத்தில் பெரிய வெண்கல மணி உட்கார்ந்திருக்கும். இரண்டாம் இடத்தில் மோடம், பச்சை விளக்கைக் கண்ணடித்துக்கொண்டே. அதற்கப்புறம்தான் மனிதர்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எண்தான். 'ஒண்ணைத் தட்டு' என்றால் மணியை அடிக்க வேண்டும். 'ரெண்டை அணைச்சுப் போடு' என்றால் இன்டர்நெட் போய்விட்டது என்று அர்த்தம். 'நாலுக்கு மோர்' என்றால் நாலாம் இடத்தில் இருப்பவருக்கு மோர்.

மூன்றாம் இடத்தில் குரு உட்கார்ந்தார். நாலாம் இடத்தில் எபனேசர் என்ற இன்னொரு சீடர். ஐந்தாம் இடத்தில் சமையல்காரர் மாடசாமி. ஆறாம் இடத்தில் சீனியம்மாள்.

மணிக்கும் மோடத்துக்கும் இலை கிடையாது. மற்ற நாலு பேர் முன்னாலும் இலை விரித்துத் தண்ணீர் தெளித்தாயிற்று. பேச்சிமுத்து சோற்று வாளியைத் தூக்கினார்.

"சாப்பிடுறவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார் குரு.

தலை எண்ணச் சொன்னால் பேச்சிமுத்துவுக்கு எந்தத் துக்கத்திலும் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு பேரு."

"அப்ப நாலு வரைக்கும் எண்ணிப் பரிமாறுங்க. நாலுக்கு மேல உங்களுக்கு எண்ணே கிடையாது."

"குருவே..."

"என்ன?"

"அது எப்படி..."

"நாலு பேருக்கு நாலு எண் போதாதா அண்ணாச்சி?"

எங்கேயோ கேட்ட கேள்வி போல இருந்தது அவருக்கு. ஆனால் குரு சொன்னால் செய்ய வேண்டும். அது மடத்தின் விதி.

ஒன்றாம் இடத்துக்குப் போனார். மணி இருந்தது. அதன் முன்னால் வாளியோடு ஒரு நிமிஷம் நின்றார். மணி எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் இடத்துக்குப் போனார். மோடம் கண்ணடித்தது. மூன்றாம் இடத்துக்குப் போய்க் குருவுக்குச் சோறு வைத்தார். நாலாம் இடத்தில் எபனேசருக்கு வைத்தார்.

நின்றுவிட்டார்.

வாளியில் சோறு பாதிக்கு மேல் இருந்தது. எண் தீர்ந்துவிட்டது.

குருவும் எபனேசரும் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"அண்ணாச்சி," என்றாள் சீனியம்மாள்.

பேச்சிமுத்து வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இங்கனயும் ஆளு இருக்கு."

அவர் திரும்பவில்லை.

"கண்ணு தெரியலையா, காதும் கேக்கலையா? முழுசா ஒரு பொம்பளை உக்காந்திருக்கேன்."

"நானும் உக்காந்திருக்கேன்," என்றார் மாடசாமி. "ஆக்கினவன் நான். எனக்கே இல்லைங்கீய."

"காலையில என் ஜிபி. மத்தியானம் என் சோறு," என்றாள் சீனியம்மாள். "சாயங்காலத்துக்கு என்ன வச்சிருக்கீய?"

பேச்சிமுத்து குருவைப் பார்த்தார். குரு முருங்கைக்காயை மென்று, சக்கையை இலையோரம் ஒதுக்கி, விரலை நக்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"அக்கா," என்றார், "உங்களை யார் எடுத்தது?"

"என்னை யாரு எடுக்க? இந்தா உக்காந்திருக்கேன்லா, மலை மாதிரி."

"நாலு பேரு உட்கார்ந்தோம். ரெண்டு பேருக்குத்தான் சோறு விழுந்திருக்கு. ரெண்டு பேரைக் காணோம்."

"காணோமா? நல்லாருக்கே. நான் உக்காந்த இடத்தை விட்டு அசையலை தாயி."

"நாலுக்கு நாலு எண் குடுத்திருக்கேன். அப்புறமும் குறையுதுன்னா நடுவுல யாரோ எடுத்திருக்கணும்ல."

சீனியம்மாள் கழுத்தை நீட்டி வரிசையைப் பார்த்தாள். தனக்கு இந்தப் பக்கம் மாடசாமி. அவருக்கு அந்தப் பக்கம் எபனேசர். அப்புறம் குரு. அப்புறம் பச்சை விளக்கு. அப்புறம் மணி.

மணியை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்.

"அதைத் தூக்கி வெளிய வைங்க," என்றாள். "அந்த லைட்டையும். நாங்க முன்னால நவுந்து உக்காருதோம். நாலுக்குள்ள அடங்கிரும்."

"வைக்கலாம்," என்றார் குரு. "அப்புறம் ஒண்ணைத் தட்டுன்னு நான் சொன்னா எபனேசர் யார் தலையில தட்டுறது?"

எபனேசர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஒன்றாம் இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஆவலோடு பார்த்தார்.

மோடம் கண்ணடித்தது. தூரத்து வளைவில் சந்தை பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

பேச்சிமுத்து அந்த ஹாரனைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் மணியைப் பார்த்தார். மோடத்தைப் பார்த்தார். பிறகு கதவு வழியே தெரிந்த தம் மேசைமேல் இருந்த சீனியம்மாளின் பெட்டியைப் பார்த்தார், அதன் பின்பக்கம் செருகியிருந்த திரையின் வயரை, ஒலிபெருக்கியின் வயரை, கேமராவின் வயரை. வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

நாலாம் இடத்தைத் தாண்டி நடந்தார்.

மாடசாமிக்குச் சோறு வைத்தார். ஆறாம் இடத்துக்கு வந்தார். குனிந்து, சீனியம்மாளின் இலையில் நிறைய வைத்தார்.

"என்னை வெரட்டலையா? பஸ்ஸு வந்துட்டு. போய் ஏறுங்க, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கன்னு நீங்க சொல்லலாம்லா?" என்றாள் அவள், சோற்றைப் பார்த்தபடி.

"சாப்பிடுங்க," என்றார் பேச்சிமுத்து.

பஸ் வாசலில் நின்றது. இரண்டு தடவை ஹாரன் அடித்தது. சீனியம்மாள் எழுந்திருக்கவில்லை. சோற்றில் குழி பறித்துச் சாம்பாருக்காகக் காத்திருந்தாள். பஸ் கிளம்பிப் போனது.

"என் பெட்டிக்குள்ளயும் இந்த மணி மாதிரி எவனாவது மொத வரிசையில உக்காந்திருக்கானா?"

"இருக்காங்கம்மா. திரை இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு. நான் போட்ட நாலு ஜிபி எண்ணுல ஒரு ஜிபியை அவங்களே எடுத்துக்கிட்டாங்க."

"சோறு திங்காம?"

"திங்காம."

"கூப்பிட்டா மட்டும் என்னன்னு கேப்பானுவளாக்கும்."

"ஆமா."

பேச்சிமுத்து குழி நிறையச் சாம்பார் ஊற்றினார். இரண்டு முருங்கைக்காய்த் துண்டுகளும் விழுந்தன. சீனியம்மாள் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"அப்ப என் ஜிபி எங்கயும் போகலை," என்றாள்.

"போகலை."

"கடைசியில உக்காந்திருந்திருக்கு."

"உட்கார்ந்திருந்திருக்கு."

சீனியம்மாள் அண்ணாந்து அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்கதான் அம்புட்டு தூரம் வரலை," என்றாள்.